தம்பியை வெளியே இருக்கச் சொன்னேன்

விதிப்படி பார்த்தால் நான் செய்தது சரிதான். 2024 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவைப் போல நாங்களும் ஒரு ஒத்திகைக் குழுவாக உட்கார்ந்தோம், அதற்கு நான் தலைமை. கடைசி இடத்துக்கு இந்தியானா ஸ்டேட் கல்லூரியின் பேச்சு வந்ததும், அங்கே எம்.எஸ். படித்த தம்பியை வெளியே இருக்கச் சொன்னேன். போட்டியை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் நிஜக் குழுவிலும் அதுதான் வழக்கம், தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் உறுப்பினர் எழுந்து போய்விட வேண்டும். அவர்கள் செய்வதை அப்படியே செய்து பார்ப்பது என்று பேசிக்கொண்டுதானே உட்கார்ந்தோம். எட்டு அணிகளை வரிசைப்படுத்துவது, முதல் நாலு உள்ளே, மிச்ச நாலு அடுத்த சுற்றுக்கு, இப்படியே 36 இடமும் நிரம்பும் வரை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்த ஒரு விதியை மட்டும் எப்படி விடுவது?

அவன் எழுந்து நின்று என்னிடம் தமிழில் கேட்டான், மற்றவர்களுக்குப் புரிய வேண்டாம் என்றுதான் இருக்கும். "அண்ணா, நான் போயிட்டா இந்த ரூம்ல அவங்க ஆட்டத்தை முழுசாப் பார்த்தவங்க யாரு இருக்கா?"

"அதான் ஷீட் இருக்குல்ல" என்றேன், ஒவ்வொரு அணியின் கணக்கும் இருக்கும் காகிதத்தைக் காட்டி.

அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். நான் சொன்ன அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

ஷீட்டில் என்ன இருந்தது? 28 வெற்றி, 6 தோல்வி. என்.சி.ஏ.ஏ. அணிகளுக்குப் போடும் நெட் தரவரிசையில் முதல் 30க்குள். இவ்வளவும் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து குவாட் 1 கட்டத்துக்குக் கண் போனால் அதில் ஒரே ஒரு வெற்றி. அந்தத் தரவரிசையில் முதல் 30 இடத்துக்குள் இருப்பவர்களைச் சொந்த ஊரிலோ, 50க்குள் இருப்பவர்களைப் பொது மைதானத்திலோ, 75க்குள் இருப்பவர்களை அவர்கள் ஊரிலோ ஜெயித்தால்தான் அந்தக் கட்டத்தில் ஏறும். இந்தியானா ஸ்டேட் இருக்கும் மிசூரி வேலி மாதிரி சின்ன கான்ஃபரன்ஸில், அதாவது பெரும்பாலும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிக் கூட்டத்தில், ஆடுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட எதிரணி கிடைப்பதே அபூர்வம். பெரிய கல்லூரிகள் இந்தியானா ஸ்டேட்டின் ஊரான டெர்ரி ஹோட் வரை போய் ஆட மாட்டார்கள், ஜெயித்தால் பெரிதாக லாபமில்லை, தோற்றால் மார்ச்சில் அடி விழும். அந்த சீசனில் அலபாமாவோடும் மிச்சிகன் ஸ்டேட்டோடும் இவர்கள்தான் போய் ஆடினார்கள், இரண்டிலும் தோற்றார்கள். எல்லாம் முடிந்து காகிதங்களை அடுக்கும்போது அவன் ஷீட்டைப் பார்த்தேன். அந்த இரண்டு ஆட்டத்துக்கும் நேராகப் பென்சிலில் எழுதியிருந்தான்: "கூப்பிட்டா எவன் வர்றான்?" அதைக் கேட்கத்தான் காத்திருந்தான் போல.

எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. 23 வெற்றி, 10 தோல்வி, நெட்டில் 54. ஆனால் அவர்கள் ஆட்டத்தை எல்லோரும் பார்த்திருந்தோம். அவர்கள் ஆடும் பெரிய கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் அரையிறுதியில் கடைசி நொடியில் என்.சி. ஸ்டேட்டின் ஓ'கானல் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்து, கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா தோற்றது. அந்தப் பந்து விழாமல் போயிருந்தால் என்று ஆளாளுக்குப் பேசினோம், வெகு நேரம் பேசினோம். இந்தியானா ஸ்டேட்டும் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று நாலே புள்ளியில் தோற்றிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பேசக்கூடிய ஒரே ஆள் காபி மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

சரி, உள்ளேயே விட்டிருந்தால்? வாதாடியிருப்பான். இந்தியானா ஸ்டேட்டின் கண்ணாடி போட்ட ராபி அவிலா அந்த உயரத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பாஸ் கொடுப்பான் என்று ஆரம்பித்தால் அவனை நிறுத்தவே முடியாது. தன் கல்லூரி மேல் பாசம் வைத்தவன் கையில் தராசைக் கொடுக்க முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதே மேஜையில் சின்ன வயதிலிருந்து வர்ஜீனியா ஆட்டம் பார்த்து வளர்ந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அங்கே படிக்கவில்லை என்பதால் விதி அவரைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. பெரிய கான்ஃபரன்ஸைக் குளிர்காலம் முழுக்க டி.வி.யில் பார்ப்பதற்குப் பெயர் விவரம் தெரிந்திருப்பது, சின்ன கான்ஃபரன்ஸைத் தேடிப் போய்ப் பார்த்தால் பட்சபாதம் என்று ஆகிவிடுகிறதே.

ஓட்டு வர்ஜீனியாவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை நிஜக் குழுவும் அதையே சொன்னதும் கூட இருந்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். செவ்வாய்க்கிழமை, போட்டியின் முதல் ஆட்டங்கள் நடக்கும் டேட்டனில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று வர்ஜீனியா தோற்றது, முதல் பாதியில் எடுத்தது வெறும் 14 புள்ளி. அந்த ஒரு ராத்திரியை வைத்து முடிவு தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தியானா ஸ்டேட், இடம் கிடைக்காதவர்கள் ஆடும் என்.ஐ.டி. போட்டியின் இறுதி வரை போய் சீட்டன் ஹாலிடம் இரண்டு புள்ளியில் தோற்றதையும் சாட்சிக்கு இழுக்கப் போவதில்லை. அப்படிப் பார்த்தால் அந்த சீட்டன் ஹாலும் அந்த வருஷம் இடம் கிடைக்காத அணிதானே.

2025இல் நிஜக் குழுவுக்கே இந்தச் சிக்கல் வந்தது. அப்போதைய குழுத் தலைவர் பப்பா கன்னிங்ஹாம், நார்த் கரோலினா கல்லூரியின் விளையாட்டு இயக்குநராகவும் இருந்தார். குவாட் 1இல் ஒரு வெற்றி, 12 தோல்வி என்று இருந்த அந்த அணி கடைசி நான்கில் ஒன்றாக உள்ளே வந்தது. பேச்சு நடந்தபோது அவர் அறையில் இல்லை, துணைத் தலைவர்தான் நடத்தினார். ஆனாலும் சந்தேகப்பட்டவர்கள் விடவில்லை, இடம் கிடைக்காத வெஸ்ட் வர்ஜீனியாவின் ஆளுநர் நிருபர்களைக் கூட்டிக் கண்டனமே தெரிவித்தார். நார்த் கரோலினாவோ டேட்டனில் 95-68 என்று ஜெயித்தது. வெளியே போவதால் என்னதான் தீர்ந்தது என்று அப்போது தோன்றியது. அப்புறம் யோசித்தால், கன்னிங்ஹாமுக்கு அது வேலை, சம்பளம். தம்பிக்கு அதெல்லாம் கிடையாது. வேலைக்காகப் போட்ட விதியைப் பாசத்தின் மேல் போட்டுவிட்டேனோ? ஆனால் பாசம் சம்பளத்தைவிட நியாயமானது என்று எதை வைத்துச் சொல்வது?

இப்போது அவன் வேறொன்று கேட்கிறான். சக கான்ஃபரன்ஸ் அணியைப் பற்றிக் கேட்டால் விவரம் மட்டும் சொல்ல நிஜக் குழுவிலேயே அனுமதி உண்டே, அதே மாதிரி கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு நானே வெளியே போய்விடுகிறேன் என்கிறான். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் டிரேக் ஆட்டத்தைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்? அவனுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை.