அசடாக இருக்கும் உரிமை

ஜெர்மனியில் 1990 வாக்கில் ஊரெங்கும் உலவிய மான்டா கார் பற்றிய சிரிப்புத் துணுக்குகளில் மிகச் சிறியது ஒரே வரிதான்: "பல்கலைக்கழக வாசலில் ஒரு மான்டா நிற்கிறது." அவ்வளவுதான், கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். ஓப்பல் நிறுவனம் 1970 முதல் 1988 வரை தயாரித்த அந்தக் காரைப் படிப்பில்லாத தொழிலாளர் வீட்டுப் பையன் ஒருவன் வாங்கி, ஆன்டெனாவில் நரிவாலைக் கட்டி, கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே நீட்டியபடி ஓட்டுவான் என்பதும், அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்பதும் யாரும் சொல்லாமலே புரிந்தன. துணுக்கு கார் மீது சொல்லப்பட்டதாகத் தோன்றினாலும், அடி விழுந்தது வர்க்கத்தின் மீதுதான்.

வொல்ஃப்காங் ப்யூல்ட் இயக்கி 1991இல் வெளியான 'மான்டா, மான்டா' என்ற படம் இந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. ஊர் சிரித்த அந்த அசட்டைக் கதாநாயகனாக்கி, டில் ஷ்வைகர் நடித்த பெர்ட்டி தோற்றுவிடக் கூடாதே என்று பார்வையாளரைப் பதைக்க வைத்தது. அதுவரை பிறர் வாயில் துணுக்காக மட்டுமே இருந்த ஒரு கூட்டத்துக்குத் திரையில் கிடைத்த பிரதிநிதித்துவம் என்று இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தத் தொழிலாளர் உலகத்தில் பாதி கதையின் மையத்தில் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கத் துருக்கியுடன் 1961இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் ஜெர்மனியின் கார் ஆலைகளில் கடினமான வேலைகளைச் செய்தவர்கள். 1973 ஆகஸ்டில் கொலோன் ஃபோர்டு ஆலையில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களும் துருக்கியத் தொழிலாளர்களே. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் 1991இல் ஏறக்குறைய பெர்ட்டியின் வயதில் இருந்தார்கள். இருந்தும் படத்தின் கதாநாயகன் அந்த வீடுகளிலிருந்து வந்தவனல்ல. அப்பா தயாரித்த காரை ஓட்டி நாயகனாக மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. (பெண்களின் நிலையும் பெரிதாக மேம்பட்டதல்ல: மான்டாக்காரனின் காதலி என்றால் முடிதிருத்தும் பெண் என்பது துணுக்குகளின் எழுதாத விதி, டீனா ரூலண்ட் நடித்த ஊஷியும் அதிலிருந்து தப்பவில்லை.)

பெர்ட்டி செய்யும் முட்டாள்தனம் பெர்ட்டியோடு முடிந்துவிடுகிறது, அதற்காக அவனுடைய சாதிசனத்தை யாரும் விசாரிப்பதில்லை. வேகமான காரில் உறுமிக்கொண்டு போகும் இன்றைய இளைஞனுக்கு இந்தச் சலுகை இல்லை. மன்ஹைம் காவல்துறை 2016இல் 'போஸர்' ஓட்டுநர்கள், அதாவது காரை உறும விட்டு அலட்டுபவர்கள் மீது தனிக் கவனம் செலுத்தத் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் எழுந்த பேச்சில், அவன் பெயர் துருக்கியப் பெயராகவோ அரபுப் பெயராகவோ இருந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்த குற்றம் ஒரு சமூகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. மான்டாக்காரன் செய்ததும் ஏறத்தாழ இதே அலட்டல்தானே? முன்னவனைப் பார்த்து ஊர் சிரித்தது, பின்னவனைப் பார்த்து அஞ்சுகிறது.

புலம்பெயர்ந்தோர் வீட்டுக் கதாநாயகனை ஜெர்மானிய ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற சாக்கும் எடுபடாது. 2013இல் வந்த 'ஃபாக் யூ கோய்த்தே' படத்தில், துனீசியத் தந்தைக்குப் பிறந்த எலியாஸ் எம்பாரக், ஸெகி முல்லர் என்ற முரட்டுத் திருடனாக வந்து ஆசிரியராகிறார். வாய்க்கு வந்ததைப் பேசும் அந்தப் போக்கிரியைத் திரையரங்கில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துக் கொண்டாடினார்கள். அவருடைய பூர்வீகத்தைப் படம் ஒரு பிரச்சினையாக்கி உபதேசம் செய்யவில்லை என்பதே எனக்கு அதில் பிடித்தது.

எனவே 2023இல் ஷ்வைகரே இயக்கிய இரண்டாம் பாகத்தில் கடன்பட்ட பட்டறைக்காரனாக பெர்ட்டி திரும்பி வந்தபோது, வெள்ளையரல்லாத முகங்கள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணுவதில் எனக்கு அக்கறை இருக்கவில்லை. ஓரமாக நின்று புத்திசொல்லும் நல்ல நண்பன் வேடத்தைப் புலம்பெயர்ந்தோர் வீட்டு நடிகருக்குக் கொடுத்துவிட்டுப் பன்மைத்துவம் வந்துவிட்டது என்று தயாரிப்பாளர்கள் திருப்தியடைவது எளிது. பந்தயத்தில் வீம்புக்குப் பணம் கட்டி, பாதி வழியில் எஞ்சினைப் புகைய விட்டு, காதலியிடம் திட்டு வாங்கி, அதற்குப் பிறகும் கதாநாயகனாகவே இருக்கும் வேடத்தை அவருக்குக் கொடுக்கத்தான் அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.