நீல ஹவுஸின் வாசிப்பு நேரம்

11-ஆம் வகுப்பில், எங்கள் பெண்கள் பள்ளியின் நீல ஹவுஸுக்கு நான் துணைத் தலைவி. பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக் குழுக்களாகப் பிரிக்கும் ஹவுஸ் என்ற ஏற்பாடு இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் பிறந்தது. அங்கே அது மாணவர்கள் தங்கிய வீட்டையே குறித்தது. எங்களுக்கு வீடு கிடையாது, நீல பேட்ஜும் அறிவிப்புப் பலகையில் ஒரு கட்டமும்தான்.

அந்த வருடம் 4 ஹவுஸ்களுக்கும் நோட்டுப் புத்தகம் சேர்க்கும் போட்டி. எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் பை பையாகக் கொண்டுவந்தார்கள். 6-ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரே ஒரு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றே பொறுப்பாசிரியையிடம் போனேன். "டீச்சர், பொருளுக்குப் பதிலா நேரத்தைக் கணக்குல எடுத்துக்கலாமா?"

அடுத்த பருவத்தில், பார்வையற்ற மாணவிகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்தோம். அரை மணிக்கு ஒரு புள்ளி. படம் வந்தால் தாண்டிப் போகக் கூடாது, சொல்லாலேயே வரைந்து காட்ட வேண்டும். இதயத்தின் 4 அறைகளையும் ரத்தம் போகும் வழியையும் விளக்க நான் 7 முறை பதிவுசெய்தேன். வலப்பக்கம் யாருக்கு வலப்பக்கம் என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

அந்தச் சிறுமிக்குக் கணீரென்ற குரல். வரலாறு முழுவதையும் அவளே வாசித்தாள். கோப்பை பச்சை ஹவுஸுக்குப் போனது. ஆனால் பதிவுகளைக் கேட்ட மாணவிகளிடமிருந்து எங்களுக்கு ஒரு செய்தி வந்தது: "வரலாறு வாசிச்ச பொண்ணையே அறிவியலும் வாசிக்கச் சொல்லுங்க அக்கா."