கின்சுகி முயற்சி: ஏழாவது வாரக் குறிப்பு

மூன்று துண்டுகளாக உடைந்த தேநீர்க் கிண்ணம் ஒன்றை உடைந்த கோடுகளை மறைக்காமல் பொன்னால் காட்டும் ஜப்பானியரின் கின்சுகி முறைப்படி ஒட்டத் தொடங்கி இன்றோடு ஏழு வாரங்கள் ஆகின்றன. செயற்கைப் பசையும் பொன்னிறச் சாயமும் கொண்டு ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆனால் நான் அறிய விரும்பியது, அம்முறையில் மரபாகப் பசையாகும் உருஷியின் இயல்பைத்தான். நாம் அரக்கு என்று சொல்வது பூச்சியிலிருந்து கிடைப்பது. உருஷியோ ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். ஜப்பானில் இவாதே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியில், 10 முதல் 15 ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஒரு பருவம் முழுவதும் கீறினாலும் ஏறத்தாழ 200 கிராம் பால்தான் தேறும். அதன்பின் அந்த மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். இதை அறிந்த பிறகு ஒரு சொட்டையும் வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பதப்படுத்தாத உருஷியைச் சேர்த்து, கம்பி போல் இழுபடும் பதம் வரும்வரை குழைத்து, அந்தப் பசையை உடைந்த விளிம்புகளில் மெல்லத் தடவிப் பொருத்தினேன். பத்து நாள் கழித்தும் அது விரலில் ஒட்டியது. கிண்ணத்தை வைத்திருந்த பெட்டிக்குள் இருந்த ஈரப்பதமானி 50 விழுக்காட்டைக் காட்டியபோதுதான் காரணம் விளங்கிற்று. சாயத்தைப் போல உருஷி காய்ந்து இறுகுவதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்னும் செம்பு கொண்ட நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தி உருஷியிலுள்ள 'உருஷியால்' (urushiol) என்ற சேர்மத்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்த நொதி இயங்குவதற்கு ஈரம் வேண்டும். இதன் செயலை ஹிகோரோகுரோ யோஷிதா 1883-இல் விவரித்தார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே கைவினைஞர்கள் பூசிய பொருளை 'முரோ' என்ற ஈரப் பெட்டிக்குள் வைத்துத்தான் இறுக விட்டார்கள். நானும் நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே விரித்து ஈரப்பதத்தை 75 விழுக்காட்டில் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் ஒட்டு கல்லாக இறுகியது.

இதற்கிடையே கையுறை விலகிய மணிக்கட்டில் அரிப்பெடுத்துக் கொப்புளம் கண்டது. உருஷி மரம் முந்திரி, மா, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேராங்கொட்டைப் பால் பட்டால் புண்ணாகும் என்று நம் பெரியவர்கள் எச்சரிப்பதற்கும், முந்திரிக்கொட்டை உடைப்போரின் விரல்கள் வெந்துபோவதற்கும் உருஷியாலுக்கு நெருங்கிய உறவுடைய சேர்மங்களே காரணம். இப்போது முழங்கை வரை மூடிக்கொண்டுதான் குப்பியைத் திறக்கிறேன்.

விளிம்பில் சில்லு பெயர்ந்த பள்ளத்தை நுண்ணிய களிமண் பொடியும் உருஷியும் குழைத்த சாந்தால் இரண்டு மெல்லிய படலங்களாக நிரப்பினேன். ஐந்தாம் வாரக் கடைசியில் ஒட்டிய கோட்டின்மேல் கறுப்பு உருஷியைப் பூசியபோது அவசரப்பட்டுவிட்டேன்: பூச்சும் தடித்துவிட்டது, பெட்டியின் ஈரமும் 85 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுக, அடியில் இருந்தது இளகியே நிற்க, கோடு முழுவதும் தோல் போலச் சுருங்கியது. ஒரு வாரம் காத்திருந்து, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, தூரிகையில் ஒட்டியதா என்று ஐயுறும் அளவுக்குச் சிறிதே தொட்டு மறுபடி பூசினேன்.

அந்தக் கோடு இப்போது சுருக்கமின்றிப் பளபளக்கிறது. இனிச் சிவப்பு உருஷியை இன்னும் மெல்லியதாக இழுத்து, அது முழுதும் இறுகுமுன் பொற்பொடியைத் தூவ வேண்டும்; முந்தினால் பொடி உள்ளே அமிழ்ந்துவிடும், பிந்தினால் ஒட்டாது. கோட்டின்மேல் ஊதினால் மூச்சுக் காற்று நீலச் சாயலுடன் படிகிறதா என்று பார்த்துக் கைவினைஞர்கள் இறுகும் நிலையைக் கணிப்பார்களாம். பழைய கண்ணாடித் துண்டொன்றில் உருஷியைத் தடவி, அந்தச் சாயலைக் கண்டுகொள்ள மூன்று நாட்களாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.