பதிவேடு மூடும் நேரம்

6 ஒக்டோபர் 2025, திங்கள்

இன்றைக்கும் காலுறையில்தான் தொடங்கியது. விரல் நுனியில் தையல் உறுத்துகிறதாம். மூன்று சோடி மாற்றிப் பார்த்தோம். பிறகு சப்பாத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துவிட்டான். "வயிறு நோகுது அம்மா." நடிப்பில்லை, முகமே வெளிறிப் போயிருந்தது. ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலில் நாற்பது நிமிடம் காருக்குள் இருந்துவிட்டு, 10.05க்குத் தானாகவே இறங்கி உள்ளே போனான். என் கையை விடும்போது அவன் உள்ளங்கை நனைந்திருந்தது.

8 ஒக்டோபர், புதன்

கடிதம் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் வராத பதிவுகள் ஒன்பது ஆகிவிட்டனவாம். திங்கள் காலையும் அதில் ஒன்று!

இங்கே இங்கிலாந்தில் ஒரு நாளுக்குக் காலை, பிற்பகல் என்று இரண்டு பதிவு. பதிவேடு மூடிய பிறகு வந்தால், பிள்ளை வகுப்பில் இருந்தாலும் அந்தக் காலை வராத காலைதான். பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் இப்படிப் பத்துச் சேர்ந்தால் அபராதம் பற்றிப் பள்ளி யோசித்தே ஆக வேண்டும். 2024 ஓகஸ்டிலிருந்து நாடு முழுக்க இதே கணக்கு. முதல் தடவை 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ஸ், பிந்தினால் 160. அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி.

காசை எப்படியும் கட்டலாம். அந்த நனைந்த கையோடு அவன் உள்ளே போனதை வராததாக எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

10 ஒக்டோபர், வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுத்தா. "செல்லடிக்குள்ளேயும் உங்களைப் பள்ளிக்கு அனுப்பினனாங்கள். நீ செல்லம் குடுக்கிறாய் பிள்ளை."

அம்மாவில் பிழையில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம் இரண்டு தடவை அவனைக் காரிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் ரீச்சரிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நின்றது அழுகை மட்டும்தான். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் மணிக்கட்டைக் கடித்தான். பல் பதிந்த தடத்துக்கு மருந்து பூசும்போது நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஓட்டிசம் என்று எழுதின அறிக்கை அப்போதே வீட்டில் இருந்தது.

15 ஒக்டோபர், புதன்

தாழ்வாரச் சுவரில் ஒவ்வொரு வகுப்பின் வரவு வீதத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். முதலாவது வகுப்புக்குப் பீட்சா. இரவு, விளக்கை அணைத்த பிறகு சொன்னான்: "நான் கணக்குப் பார்த்தனான் அம்மா. நான் இல்லாட்டி எங்கட வகுப்புத்தான் முதலாவது."

இருட்டில் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது. "நான் இல்லாட்டி" என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. அவன் தூங்கும்வரை பக்கத்தில் கிடந்தேன். விடிந்ததும் டொக்டருக்கு எடுக்க வேண்டும்.

17 ஒக்டோபர், வெள்ளி

டொக்டர் அவனோடு மெதுவாகக் கதைத்தார். பிறகு, கடும் பதற்றத்தால் பள்ளிக்குப் போக முடியாமல் இருக்கிறான் என்று கடிதம் தந்தார். அரசின் வரவு வழிகாட்டியை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சுகயீனம் என்றால் மனநோவும் அதில் அடங்கும். நியாயமான சந்தேகம் இருந்தாலொழிய மருத்துவச் சான்று கேட்கக் கூடாது.

அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று எழுதித் தரும் சிறப்புக் கல்வித் திட்டத்துக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டேன். மதிப்பீடு செய்வதா என்று சொல்லவே ஆறு வாரம், திட்டம் கைக்கு வர 20 வாரம். அபராதக் கணக்குக்கோ பத்து வாரமே போதும். உதவி வரும்வரை அந்தக் கணக்கை நிறுத்தி வைத்தால் என்ன?

23 ஒக்டோபர், வியாழன்

கூட்டம். சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ரீச்சர் தங்கமான மனுசி; வீதம் ஒட்டியிருந்த தாளைத் தானே கழற்றிவிட்டதாகச் சொன்னா. விடுமுறை முடிந்ததும் ஆறு வாரத்துக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம், பக்கவாசலால். மற்ற நேரம் அனுமதிபெற்ற விடுப்பு. முழுநாள் வராத சிலதைச் சுகயீனம் என்று மாற்றினார்கள். அந்தத் திங்கள் காலையை மாற்றவில்லை. திரும்பவும் எழுதிக் கேட்பேன்.

4 நவம்பர், செவ்வாய்

காலுறையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அவனே கண்டுபிடித்த வழி. பக்கவாசலில் ரீச்சர் நின்றா.

"பன்னிரண்டுக்கு வருவீங்கள்தானே?"

"ஓம் அப்பன்."

பதினொன்றரைக்கே போய் நின்றேன்.