ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு அனுமதி வாங்கிய அனுபவம்

மண்ணீரலில் ரத்தம் போகும் வழியில் ஒன்றிரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமே உள்ள பிளவுகள் இருக்கின்றன. சிவப்பணுவின் விட்டமோ கிட்டத்தட்ட 8 மைக்ரான். ஆரோக்கியமான அணு உடம்பை நெளித்து அந்தப் பிளவுக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். விறைத்துப்போன அணு அங்கேயே மாட்டிக்கொள்ளும். மலேரியாவிலும் அரிவாள் செல் நோயிலும் அணுக்கள் இப்படித்தான் விறைத்துப்போகின்றன. அந்த நெருக்கடியை ஆய்வகத்தில் உண்டாக்கி, எந்த அழுத்தத்தில் எந்த அணு நுழைகிறது என்று அளப்பது எங்கள் குழுவின் வேலை. குழுவில் ஒரு மருத்துவர், ஒரு இயற்பியலாளர், வேதியியல் பக்கத்துக்கு நான்.

இதற்கு 2 மைக்ரான் ஆழமும், அதைவிடப் பல மடங்கு அகலமும் உள்ள கால்வாய்கள் கண்ணாடியில் தேவைப்பட்டன. கண்ணாடியை அவ்வளவு சீராக அரித்துக் கொடுக்கும் திரவம் என்றால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்தான். அதைக் கையாள ரசாயனப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வாங்கிய வழியைத்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது பயன்படும்.

முதலில் இந்த அமிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களோடு பழகியவர்கள் இதையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கவே கூடாது. சல்ஃப்யூரிக் அமிலம் தோலில் பட்டால் மேலேயே எரிக்கும்; பட்ட நொடியே தெரிந்துவிடும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தண்ணீரில் முழுமையாக அயனிகளாகப் பிரிவதில்லை. பிரியாத மூலக்கூறு மின்னூட்டம் இல்லாதது, சிறியது. தோலை எளிதாக ஊடுருவி உள்ளே போய், அங்கே ஃப்ளோரைடை விடுகிறது. ஃப்ளோரைடு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. திசு அழிகிறது, எலும்பு வரை பாதிப்பு போகிறது. பட்ட பரப்பு பெரிதாக இருந்தால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறுகிறது.

1994-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு ஆய்வகத் தொழில்நுட்பரின் தொடைகளில் 70 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கொட்டியது. கொட்டிய அளவு 100 முதல் 230 மில்லிலிட்டர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அங்கே அவசரக் குளியல் வசதி இல்லை. இந்த அமிலம் பட்டால் தேய்க்க வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் இல்லை. தண்ணீர்க் குழாயால் கழுவிவிட்டு நீச்சல் குளத்தில் இறங்கியிருக்கிறார். பிறகு ஒரு காலை அகற்றியும், விபத்து நடந்த 15-ஆம் நாள் இறந்துபோனார். எங்கள் மருத்துவர் இந்த அறிக்கையை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். விண்ணப்பத்தை நிரப்பும் முன் அதைப் படித்தது நல்லதாகப் போயிற்று. படிவத்தில் இருந்த ஒவ்வொரு கேள்வியும் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

படிவத்தின் முதல் கேள்வி: "இந்தப் பொருள் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா?"

இதற்குப் பலரும் "வேறு வழியில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் பாதுகாப்பு அதிகாரி அதை ஏற்கிறவர் அல்ல. "என்னென்ன வழிகளைப் பார்த்தீங்க, ஒவ்வொன்னும் ஏன் சரிப்படலைன்னு எழுதுங்க" என்றார். எழுதினோம். நுண்கால்வாய் என்றாலே எல்லோரும் எடுப்பது பிடிஎம்எஸ் எனும் சிலிக்கோன் ரப்பர். அச்சில் ஊற்றி எடுத்துவிடலாம், அமிலமே வேண்டாம். ஆனால் ஆழம் மிகக் குறைந்து அகலம் அதிகமானால் அதன் கூரை நடுவில் தொய்ந்து அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கொடுத்தால் வீங்கி ஆழமே மாறிவிடும். ஆழத்தை நம்பித்தான் எங்கள் அளவீடே நிற்கிறது. அடுத்தது பிளாஸ்மாவால், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவால், உலர்முறையில் அரிப்பது. அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. வெளியே கொடுத்துச் செய்வதென்றால் ஒவ்வொரு வடிவ மாற்றத்துக்கும் காத்திருக்க வேண்டும். லேசரால் செதுக்கலாம், ஆனால் அடித்தளம் எங்களுக்குத் தேவையான அளவுக்கு வழவழப்பாக வராது.

இதையெல்லாம் எழுதும்போதே ஒன்று தெளிவானது. சோதனையின் எல்லாப் பகுதிகளுக்கும் கண்ணாடி தேவையில்லை. அணுக்களை உள்ளே கொண்டுவரும் அகலமான வழிகள், வடிகட்டி, கலக்கும் பகுதி எல்லாம் பிடிஎம்எஸ்ஸில் தாராளமாகச் செய்யலாம். நெருக்கும் இடம் மட்டும் கண்ணாடியில் இருந்தால் போதும். அரிக்க வேண்டிய துண்டுகளின் எண்ணிக்கை ஒரே நாளில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால், அனுமதி நடைமுறை முழுவதிலும் ஆராய்ச்சிக்கு அதிகம் உதவியது இந்த ஒரு கேள்விதான்.

இரண்டாவது கேள்வி செறிவு பற்றியது. நாங்கள் கேட்டிருந்தது கடையில் வரும் 49 சதவீத அமிலம். "எவ்வளவு ஆழம் வேணும்?" என்று அதிகாரி கேட்டார். 2 மைக்ரான். "அதுக்கு எதுக்கு 49?" நியாயமான கேள்வி. பஃபர் செய்த, அதாவது அமிலத்தன்மை மாறாமல் நிற்கும்படி உப்புச் சேர்த்த, அரிப்புத் திரவம் ஒன்று இருக்கிறது. 40 சதவீத அம்மோனியம் ஃப்ளோரைடு கரைசலில் ஆறு பங்கும், 49 சதவீத அமிலத்தில் ஒரு பங்கும் சேர்ந்த கலவை. அதில் அமிலம் சுமார் 7 சதவீதம்தான். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்கன் டையாக்சைடை (சிலிக்கா) நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது 0.1 மைக்ரான், வேகத்தில் அரிக்கும். 2 மைக்ரானுக்கு 20 நிமிடம் போதும். அம்மோனியம் ஃப்ளோரைடு இருப்பதால் அரிப்பு வேகம் நடுவில் தளராது. அரிக்கக் கூடாத இடங்களுக்கு மறைப்பாகப் பூசும் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற பாலிமர் படலமும் எளிதில் உரிந்து வராது. செறிந்த அமிலம் என்றால் குரோமியம், தங்கம் என்று உலோக மறைப்பு வேண்டும். அந்த உலோகங்களை நீக்க வேறு ரசாயனங்கள் வேண்டும். அவையும் பட்டியலிலிருந்து போயின. கலவையைத் தயார் நிலையிலேயே வாங்குவது என்று முடிவானதும், 49 சதவீத பாட்டில் எங்கள் அறைக்குள் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஆனால் இந்த இடத்தில் மருத்துவர் எங்களை நிறுத்தினார். 50 சதவீதத்துக்கு மேற்பட்ட அமிலம் பட்டால் வலி உடனே வரும். 20 முதல் 50 சதவீதம் என்றால் சில மணி நேரம் ஆகலாம். 20 சதவீதத்துக்குக் குறைவானால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதாவது 7 சதவீதக் கலவை கையில் பட்டால், கழுவாமலேயே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட முடியும். விழிக்கும்போது விரலில் தாங்க முடியாத வலி இருக்கும். அதனால் எங்கள் எஸ்ஓபியில், அதாவது எழுதி வைத்த செய்முறை விதிகளில், ஒரு வரி சேர்ந்தது: பட்டதாகச் சந்தேகம் வந்தாலே பட்டதாகக் கொள்ள வேண்டும், வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. செறிவைக் குறைத்ததைக் காரணம் காட்டி வேறு எந்த ஏற்பாட்டையும் குழு தளர்த்தவில்லை. அது சரியான முடிவு.

ரசாயனத்தோடு தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். முழுவதும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் 4-ஆம் பிரிவான முதலுதவியையும், 8-ஆம் பிரிவான தற்காப்புச் சாதனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கையுறை பற்றி அதிகாரி கேட்கும்போது "நைட்ரைல்" என்று மட்டும் எழுதினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். எந்தத் தடிமன், எந்த ரசாயனத்துக்கு, எத்தனை நிமிடம் தாங்கும் என்று கையுறைத் தயாரிப்பாளரின் அட்டவணையைக் காட்ட வேண்டும். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் காரன் வெட்டர்ஹான் ஃப்யூம் ஹூடில் (நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டில்), கையுறை போட்டுக்கொண்டுதான் டைமெதில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். லேடெக்ஸ் கையுறையின் மேல் சில துளிகள் விழுந்தன. அந்தச் சேர்மம் லேடெக்ஸை நொடிகளில் கடந்துவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில்தான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். எந்தக் கவனக்குறைவும் இல்லாத ஒரு நச்சியல் ஆய்வாளருக்கே இது நடந்தது. அந்த அட்டவணையைக் கேட்கிறவர்களை யாரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது உள்ளே மெல்லிய நைட்ரைல், அதன்மேல் முழங்கை வரை வரும் தடித்த நியோபிரீன் ரப்பர். ஒவ்வொரு முறையும் போடும் முன் நியோபிரீன் கையுறையின் வாயை மூடிச் சுருட்டி, உள்ளே இருக்கும் காற்றை விரல்களுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். விரல் நுனி மெல்லத் தளர்ந்தால் அதில் ஓட்டை இருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான். கண் கவசம், அதன்மேல் முகக் கவசம், மார்பிலிருந்து கால் வரை பிளாஸ்டிக் ஏப்ரன். பாத்திரங்கள் எல்லாம் பாலிபுரோப்பிலீன் அல்லது டெஃப்ளான், இடுக்கி உட்பட. கண்ணாடிக் குடுவை எதுவும் அந்த ஹூடுக்குள் போகக் கூடாது.

ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். அமிலத்துக்குப் பதில் ஃப்ளூரசீன் சாயம் கலந்த தண்ணீர். முழுக் கவசத்தோடு ஆரம்பம் முதல் கடைசி வரை செய்து, எல்லாவற்றையும் கழற்றிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அடித்தோம். ஹூடின் கதவுப் பிடி பச்சையாக ஒளிர்ந்தது. நிறுத்துக் கடிகாரத்தின் பொத்தானில் ஒரு பொட்டு. குறிப்பேட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அடையாளம். குறிப்பேட்டை எழுதியவர் கையுறை இல்லாதவர். கடிகாரத்திலிருந்து அவர் கைக்கு வந்திருக்கிறது. படித்தும் பேசியும் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அன்றைக்கே கடிகாரம் ஹூடுக்கு வெளியே போனது. நேரம் பார்ப்பதும் எழுதுவதும் துணைக்கு நிற்பவரின் வேலை, அரிப்பவர் ஹூடுக்குள் இருக்கும் பொருளைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று மாற்றினோம்.

துணைக்கு நிற்பவருக்கு இன்னொரு பெரிய பொறுப்பு உண்டு. பொதுவாக ரசாயனம் பட்டால் 15 நிமிடம் கழுவச் சொல்வார்கள். இங்கே ஜெல் கைவசம் இருந்தால் 5 நிமிடம் கழுவிவிட்டு உடனே 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்க்கத் தொடங்க வேண்டும். உள்ளே போன ஃப்ளோரைடைத் தண்ணீர் வெளியே கொண்டுவராது. அதைப் பிடிக்கக் கால்சியம்தான் வேண்டும். தேய்க்கிறவரும் கையுறை போட்டிருக்க வேண்டும். மருத்துவமனை போய்ச் சேரும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி குறைகிறதா என்பதுதான் சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு அடையாளம். அதனால் மரத்துப்போகும் மருந்து எதையும் முன்கூட்டியே போடக் கூடாது என்று மருத்துவர் தனியாகச் சொன்னார். ஜெல்லுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. யார், எப்போது அதைச் சரிபார்ப்பது என்றும் படிவம் கேட்டது.

சிந்தினால் அள்ளுவதற்கு வைத்திருந்த பொதுவான பெட்டியும் மாற வேண்டியிருந்தது. மணல், வெர்மிகுலைட் என்ற கனிமம் இரண்டுமே சிலிக்கேட் வகை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தோடு சேர்ந்தால் சிலிக்கன் டெட்ராஃப்ளோரைடு என்ற நச்சு வாயு வரும். அவற்றை எடுத்துவிட்டு கால்சியம் கார்பனேட் வைத்தோம். அது அமிலத்தை நடுநிலையாக்கி, கரையாத கால்சியம் ஃப்ளோரைடாக மாற்றிவிடும். கழிவுக்கு வாயு வெளியேறும் மூடி போட்ட பாலிஎத்திலீன் கேன், அதன் கீழே ஒரு தட்டு, மேலே தேதியோடு லேபிள்.

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. தனியாகச் செய்யக் கூடாது, இரவிலும் விடுமுறை நாளிலும் கூடாது, ஒரு தடவைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. முதல் அரிப்பில் வேலைத் துண்டை எடுக்கவில்லை. வெறும் சிலிக்காத் துண்டுகளை வெவ்வேறு நேரங்களில் வெளியே எடுத்து, பரப்பின் மேடு பள்ளத்தை அளக்கும் புரொஃபைலோமீட்டரில் ஆழம் அளந்து வேகத்தைக் கணக்கிட்டோம். வெப்பநிலை ஏறினால் வேகமும் ஏறும், எனவே இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. பிறகு செய்த கால்வாய்களில் ஆழம் நினைத்தபடியே வந்தது. அரிப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போவதால் ஆழம் எவ்வளவோ அவ்வளவு இரு ஓரத்திலும் அகலம் கூடும். மறைப்பை வரையும்போதே 4 மைக்ரானைக் கழித்துவிட்டிருந்தோம். முதல் சிவப்பணு அந்த இடுக்கில் நெளிந்து நுழைவதை நுண்ணோக்கியில் பார்த்தபோது அறையில் எல்லோரும் சத்தம் போட்டோம்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத் தீக்காயம் வந்தால் கால்சியம் ஊசி மருந்து இருக்கிறதா, இசிஜியும் ரத்தக் கால்சியமும் உடனே பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் குழு கேட்கும். காயம்பட்டவரோடு அனுப்ப ஒரு பக்கக் கடிதமும் வேண்டும்: எந்த அமிலம், எத்தனை சதவீதம், எப்போது பட்டது, என்ன முதலுதவி செய்தோம் என்பதோடு, தரவுத் தாளின் பிரதியும். எங்களுக்கு எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடித்தது மருத்துவமனையிலிருந்து பதில் வருவதற்குத்தான். படிவத்தின் மற்ற பக்கங்களை எழுதத் தொடங்கும் முன்பே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.