ஆட்டோவுக்குத்தான் சட்டமா?

எங்கள் லேனில் ஆட்டோ ஓட்டும் அண்ணா நேற்றுப் புகைப் பரிசோதனையில் பெயில். அந்தச் சேர்ட்டிபிகேட் இல்லாமல், வாகனம் ஓட்ட வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. எஞ்சின் வேலை பார்க்கக் கடன் கேட்டு அலைகிறார், இரண்டு நாள் ஓட்டமும் போச்சு. பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பில் வாகனப் புகை பெரிய பிரச்சினைதான்.

ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பிறகு கரும்புகை. காலையில் கொடியில் காயும் துணியில் கரி. மூன்று தடவை முறைப்பாடு கொடுத்தோம். ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980 இல் வந்தது. வாகனப் புகைப் பரிசோதனை 2008 இலிருந்து நடக்கிறது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2019 இல்தான் வந்தன! அப்புறம் அந்தப் புகையை அளப்பது யார், எப்போது? சுற்றாடல் அனுமதிப்பத்திரம் எடுக்கும் தொழிற்சாலையின் புகை அளவை அந்தப் பகுதிச் சனம் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அண்ணாவின் பெறுபேறு கையில் தாளாக இருக்கிறதே, அதைப் போல.

நாலாவது முறைப்பாட்டை இன்று எழுதுகிறேன். லேனில் உள்ளவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.