அந்த "விடும்மா"

"அண்ணா, இந்த ராஜா போன பக்கத்துலயும் இருக்காரே, வேற பேர்ல?"

பக்கம் வடிவமைக்கும் பெண் கேட்டது இவ்வளவுதான். "பழைய அச்சுல அப்படித்தான், விடும்மா" என்றேன். ரோம் அத்தியாயம் அன்று மாலையே அச்சுக்குப் போய்விட்டது. படத்தின் கீழே பேரரசரின் பெயர் மட்டும் இருந்தது. வரைந்த காலத்தைக்கூட நான் போடவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. 1493-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் அன்டோன் கோபர்கர் அச்சிட்ட ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாற்று நூலிலிருந்து எடுத்த படம் அது. அந்த நூலில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு; அவற்றை அச்சிடச் செதுக்கிய மரக்கட்டைகளோ ஏறக்குறைய 650தான். ஒரு கட்டை ஓரிடத்தில் ஒரு பேரரசர், சில தாள் தள்ளி இன்னொருவர். பழைய ரோமானியர் தலையிலும் ஜெர்மானியப் பேரரசரின் மணிமுடி, கையில் செங்கோல். அன்று அதை வாங்கியவர் யார் முகம் என்றா தேடியிருப்பார்? முடியும் கோலும் இருந்தால் ஆள்பவர், அவ்வளவே. இதை அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் எங்கள் புத்தகத்தைப் படிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகள். பெயரைப் பார்த்தால் இதுதான் அவர் முகம் என்று நம்புவார்கள்.

ஆந்த்ரேயா ஃபுல்வியோவை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. 1517-இல் ரோமில் வந்த அவர் நூலில் புகழ்பெற்றவர்களின் முகங்கள் நாணயம் போன்ற வட்டங்களுக்குள் இருக்கும். பலவற்றுக்குப் பழைய நாணயங்களே மாதிரி. சீசரின் மனைவி என்று சொல்லப்படும் கொசுத்தியாவுக்கு உருவம் கிடைக்கவில்லை. வட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார். ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் ஒருவருக்கு வந்த கூச்சம் எனக்கு வரவில்லையே.

சரி, நாணய முகத்தைப் போட்டிருந்தால் மட்டும் உண்மையாகிவிடுமா? ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் 75 வயதுவரை வாழ்ந்தார். நாணயத்தில் கடைசிவரை இளைஞர்தான். அதுவும் அதிகாரம் தனக்குத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட முகம். அப்படிப் பார்த்தால், முடியையும் கோலையும் மட்டுமே காட்டும் நியூரம்பெர்க் கட்டைதான் நேர்மையானது என்றும் தோன்றுகிறது. என் தவறை மூடத்தான் இப்படி யோசிக்கிறேனோ, தெரியவில்லை.

அடுத்த பதிப்புக்காக, '1493-இல் ஜெர்மனியில் கற்பனை செய்த ரோமப் பேரரசர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பெயரை எடுத்துவிடலாமா என்று அந்தப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அந்த "விடும்மா"வுக்குப் பிறகு, எந்தப் படத்தைப் பற்றியும் அவர் என்னிடம் கேட்டதில்லை.